டிரம் அண்ட் பேஸ் இசைத் தயாரிப்பை நம்பி ஒருவர் பிழைப்பு நடத்த முடியுமா?

வேகமான டிரம் தாளமும் கனத்த கீழ்ச்சுருதி (பேஸ்) ஒலியும் கொண்ட மின்னணு நடன இசையான டிரம் அண்ட் பேஸில் தயாரிப்பாளரின் வேலை எப்படிப்பட்டது, வருமானம் எங்கிருந்து வருகிறது, சென்னையில் இருந்துகொண்டு இதில் இறங்கலாமா, எந்த மென்பொருளில் தொடங்குவது என்று நான்கு கேள்விகளைச் சேர்த்துக் கேட்டிருக்கிறீர்கள். பிழைப்பு நடத்த முடியும். ஆனால் பாட்டை விற்ற காசில் வாழ்பவர்கள் இந்தத் துறையில் மிகச் சிலரே. பாட்டு ஒருவருக்குப் பெயரைத் தருகிறது, அந்தப் பெயர் மேடையைத் தருகிறது, வீட்டு வாடகையை மேடைதான் கட்டுகிறது. எனக்குச் சோறு போடுவது விளம்பரங்களுக்கும் திரைப்பாடல்களுக்கும் செய்யும் ஒலிக்கலவை வேலை. டிரம் அண்ட் பேஸை என் விருப்பத்துக்காகச் செய்கிறேன். ஆகையால் என் அனுபவத்தைப் பெரிதாகச் சொல்லாமல், இந்த இசை பிறந்து வளர்ந்த பிரிட்டனில் இதைத் தொழிலாகக் கொண்டவர்கள் என்ன ஆனார்கள் என்பதை வைத்தே பதில் எழுதுகிறேன்.

முதலில் வேலையைப் பற்றி. அமெரிக்காவைச் சேர்ந்த ‘தி வின்ஸ்டன்ஸ்’ என்ற குழு 1969-இல் வெளியிட்ட இசைத்தட்டு ஒன்றின் பின்பக்கத்தில் ‘ஆமென், பிரதர்’ என்ற வாத்தியப் பாடல் இருக்கிறது. அதன் நடுவில் மற்ற வாத்தியங்கள் எல்லாம் நின்றுவிட, கிரிகரி கோல்மன் என்ற டிரம்மர் நான்கு பார்களுக்கு (தாளச் சுற்றுகளுக்கு) தனியாக வாசிக்கிறார். மொத்தம் ஏழு வினாடிகள்தான் வரும். முதல் இரண்டு பார்களும் ஒன்றுபோலவே இருக்கும், மூன்றாவதில் ஸ்னேர் (கூர்மையாக ஒலிக்கும் சிறு டிரம்) அடி சற்றுப் பின்வாங்கும், நான்காவதில் முதல் தட்டு வெறுமையாக விடப்பட்டு, எதிர்பாராத இடத்தில் கிராஷ் சிம்பல் எனப்படும் உலோகத் தட்டின் அடி விழும். லண்டன் இளைஞர்கள் 1990-களின் தொடக்கத்தில் இந்த ஏழு வினாடிகளை அகாய் எஸ் 950 போன்ற சாம்ப்ளர்களில் (ஒலித்துண்டுகளைப் பதிந்து மீட்டும் கருவிகளில்) ஏற்றி, ஒவ்வொரு அடியையும் தனித்தனியாக நறுக்கி, அட்டாரி கணினியில் ஓடிய கியூபேஸ் மென்பொருளின் உதவியுடன் வேறு வரிசையில் அடுக்கி, அசல் வேகமான சுமார் 136 பிபிஎம்மிலிருந்து (நிமிடத்துக்கு 136 தட்டுகள்) 160-க்கும் மேலே கொண்டுபோனார்கள். அந்தச் சாம்ப்ளரில் அடிப்படையாக இருந்த நினைவகம் 750 கிலோபைட் மட்டுமே என்பதால், எதை ஏற்றுவது, எதை விடுவது என்பதே பாதி இசையமைப்பாக இருந்திருக்க வேண்டும்.

இன்று அந்த நெருக்கடி இல்லை. ஆனால் வேலையின் தன்மை மாறவில்லை. கோல்மனின் வாசிப்பைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தால், பெரிய ஸ்னேர் அடிகளுக்கு நடுவே காதில் விழுந்தும் விழாததுமாகச் சின்னச் சின்னத் தட்டல்கள் இருப்பது தெரியும். அவற்றைச் சுத்தம் செய்கிறேன் என்று நீக்கிவிட்டால் தாளம் உடனே உயிரற்றுப் போகிறது. எல்லா அடிகளையும் மென்பொருள் காட்டும் காலக் கட்டத்துக்குள் சரியாகப் பொருத்திவிட்டாலும் அதே கதிதான். எந்த அடியைச் சில மில்லி வினாடிகள் தாமதமாக விடுவது என்று முடிவு செய்வதிலேயே ஒரு மாலைப்பொழுது போய்விடும். கேட்பவர்கள் இதைப் பெயரிட்டுச் சொல்ல மாட்டார்கள், ஆனால் அரங்கில் அவர்கள் உடம்பு வித்தியாசத்தை உணர்ந்துவிடும்.

பேஸ் பகுதி இன்னும் பொறுமையைக் கேட்பது. டெட்ராய்ட்டைச் சேர்ந்த கெவின் சாண்டர்சன் 1988-இல் ‘ரீஸ்’ என்ற பெயரில் வெளியிட்ட ஒரு டெக்னோ பாடலின் பேஸ் ஒலியிலிருந்து ‘ரீஸ் பேஸ்’ என்ற ஒரு வகையே உருவானது. ஒரே சுருதியில் ஒலிக்க வேண்டிய இரண்டு அலைகளை இம்மியளவு விலக்கி வைத்தால், அவை ஒன்றோடொன்று உரசி, உறுமுவது போன்ற ஓர் அசைவு பிறக்கிறது. அதன் கீழே தூய சைன் அலையை மோனோவில் (இடம் வலம் பிரியாமல்) வைத்து, கிக் டிரம்முக்கும் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) அதற்கும் மோதல் வராமல் இடம் பிரித்துக் கொடுக்க வேண்டும். சிறிய அறையில் சுவர்களிலிருந்து திரும்பும் கீழ் அலைவரிசைகள் காதை ஏமாற்றும் என்பதால், வீட்டில் பிரமாதமாகக் கேட்டது பெரிய ஸ்பீக்கர் அடுக்கில் குழைந்துபோவது இத்துறையில் அன்றாட நிகழ்வு.

இப்போது பணத்துக்கு வருவோம். 1990-களில் ஒரு பாடல் முடிந்ததும் தயாரிப்பாளர் அதை டேட் எனப்படும் டிஜிட்டல் ஒலிநாடாக் கேசட்டில் எடுத்துக்கொண்டு, ஃபேபியோ, க்ரூவ்ரைடர் போன்ற முன்னணி டிஜேக்களிடம் கொடுப்பார். அவர்கள் லண்டனில் மியூசிக் ஹவுஸ் போன்ற கட்டிங் கூடங்களுக்குப் போய்த் தங்கள் சொந்தச் செலவில் ‘டப்பிளேட்’ எனப்படும் அசிட்டேட் தட்டில் ஒரே ஒரு பிரதி வெட்டிக்கொள்வார்கள். அந்தத் தட்டு மென்மையானது, சில டஜன் முறை ஓட்டினாலே தேய ஆரம்பித்துவிடும். பாடல் கடைக்கு வருவதற்குப் பல மாதங்கள் முன்பே அரங்குகளில் அது ஒலித்துக்கொண்டிருக்கும். யாரிடம் அந்தத் தட்டு இருக்கிறது என்பதே டிஜேயின் மதிப்பு, யார் அதைக் கேட்டு வாங்குகிறார்கள் என்பதே தயாரிப்பாளரின் மதிப்பு. இன்று தட்டுக்குப் பதிலாக வெளிவராத வேவ் கோப்பு மின்னஞ்சலில் போகிறது, கணக்கு அதேதான்.

இந்தக் கணக்கை மிக நன்றாகப் புரிந்துகொண்டவர் என்று நான் கருதுவது கோல்டியை. கிளிஃபர்ட் பிரைஸ் என்ற இயற்பெயருடன் 1965-இல் வால்சாலில் பிறந்து, குழந்தைகள் காப்பகங்களிலும் வளர்ப்புப் பெற்றோரிடமும் வளர்ந்து, பிரேக் டான்ஸ் ஆடி, சுவர்களில் கிராஃபிட்டி வரைந்து, அமெரிக்காவில் தங்கப்பல் கவசம் விற்று, பின்னர் லண்டனுக்கு வந்த மனிதர் அவர். ‘ஹெவன்’ என்ற இரவு நடன விடுதியில் நடந்த ‘ரேஜ்’ இரவுகளில் ஃபேபியோவையும் க்ரூவ்ரைடரையும் கேட்டுத்தான் இந்த இசைக்குள் நுழைந்தார். 1992-இல் வந்த ‘டெர்மினேட்டர்’ பாடலில், ஈவன்டைட் ஹார்மனைசர் என்ற கருவியைக் கொண்டு, தாளத்தின் வேகம் மாறாமல் சுருதி மட்டும் ஏறிக்கொண்டே போகும்படி அவரும் உடன் வேலை செய்தவர்களும் செய்தார்கள். கணினியில் ஒரு பொத்தானால் இன்று செய்துவிடும் வேலை அது. அன்று கேட்ட சக தயாரிப்பாளர்களுக்கு எப்படிச் செய்தார்கள் என்றே விளங்கவில்லை.

1994-இல் கெமிஸ்ட்ரி, ஸ்டார்ம் என்ற இரு பெண் டிஜேக்களுடன் சேர்ந்து அவர் ‘மெட்டல்ஹெட்ஸ்’ லேபிளை (இசை வெளியீட்டு நிறுவனத்தை) தொடங்கினார். மறு ஆண்டு ‘டைம்லெஸ்’ ஆல்பம் வெளிவந்தது. அதன் தலைப்புப் பாடல் 21 நிமிடங்கள் ஓடும். பாடகி டயான் சார்ல்மேனின் குரல் அதைத் தாங்கி நிற்கிறது. ஆல்பம் பிரிட்டனின் ஆல்பம் விற்பனைப் பட்டியலில் ஏழாம் இடம் வரை சென்றது. அதில் கருவிகளைப் பெரும்பாலும் கையாண்டவர் ‘மூவிங் ஷேடோ’ லேபிளை நடத்திய ராப் பிளேஃபோர்ட். கோல்டி வரைபடம் போட்டும், வாயால் ஒலியெழுப்பிக் காட்டியும் தனக்கு வேண்டியதைச் சொல்வார். நம்மூரில் இசையமைப்பாளரும் கீபோர்டு புரோகிராமரும் வேலை செய்யும் முறையை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது. 1998-இல் வெளியான அடுத்த ஆல்பத்தின் முதல் பாடல் மட்டுமே ஒரு மணி நேரம் நீண்டது. விமர்சகர்கள் பலர் அதைச் சகிக்கவில்லை, எனக்கும் அதை முழுமையாகக் கேட்பது சிரமம்தான். அதன் பிறகு அவர் ஜேம்ஸ் பாண்ட் படம் ஒன்றில் நடித்தார், தொலைக்காட்சித் தொடரில் நடித்தார், பிபிசி நிகழ்ச்சிக்காக ஆர்கெஸ்ட்ரா நடத்தக் கற்றார். இத்தனை திசைகளில் போனாலும் திரும்பி வருவதற்கு மெட்டல்ஹெட்ஸ் இருந்தது, இன்றும் இருக்கிறது. லேபிள் கையில் இருந்தால், தன் பாட்டு ஓடாத ஆண்டிலும் மற்றவர் பாட்டுகளின் மூலம் ஒருவர் களத்தில் இருக்க முடிகிறது.

‘ஆண்டி சி’ என்ற டிஜேயும் அந்த வழிதான்: 1992-இல் ஆன்ட் மைல்ஸுடன் ‘ராம் ரெக்கார்ட்ஸ்’ தொடங்கியவர், 2018-இல் வெம்ப்ளி அரங்கில் தன் பெயரில் நிகழ்ச்சி நடத்தும் அளவுக்கு வளர்ந்தார். ஆனால் அவர் சொந்தமாக வெளியிட்ட பாடல்கள் அவ்வளவு அதிகமில்லை, மேடையில் மூன்று டெக்குகளில் (பாட்டை ஓட்டும் கருவிகளில்) ஒரே நேரத்தில் பாட்டுகளைக் கலக்கும் திறமையே அவரை அங்கே கொண்டுபோனது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரிலிருந்து பிரிட்டனுக்குக் குடிபெயர்ந்த ‘பெண்டுலம்’ குழு, ராக் இசைக்குழுவைப் போல மேடையேறி, 2010-இல் அதே ஆல்பம் பட்டியலின் முதலிடத்தைப் பிடித்தது. நுணுக்கமான டிரம் புரோகிராமிங்குக்குப் பெயர்போன ஃபோட்டெக், பின்னாளில் அமெரிக்காவுக்குப் போய்த் தொலைக்காட்சித் தொடர்களுக்குப் பின்னணி இசை அமைத்தார். 2003-இல் தொடங்கிய ‘சேஸ் அண்ட் ஸ்டேட்டஸ்’ இரட்டையருக்குப் பிரிட் விருதுகளில் ஆண்டின் சிறந்த தயாரிப்பாளர் பட்டம் 2024-இல்தான் கிடைத்தது. இருபது ஆண்டுகள் என்பதைக் கவனியுங்கள்.

உரிமை விஷயத்தில் கோல்மனுக்கு நேர்ந்ததைத் தெரிந்துகொள்வது நல்லது. அவர் வாசித்த ஏழு வினாடிகள் பல்லாயிரம் பாடல்களில் ஒலித்தும், அதற்காக அவருக்கு ஒரு காசுகூட வரவில்லை. 2006-இல் வறுமையில் இறந்தார். பதிப்புரிமை வைத்திருந்த குழுத் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சருக்குக்கூட, 2015-இல் பிரிட்டிஷ் டிஜே ஒருவர் ரசிகர்களிடம் திரட்டிக் கொடுத்த 24,000 பவுண்டுதான் கிடைத்தது. இந்த இசையின் அஸ்திவாரமே அப்படிப்பட்ட கடன் என்பதை ரசிகர்கள் பலர் பேச விரும்புவதில்லை. உங்களைப் பொறுத்தவரை, பாடலில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பதை வெளியீட்டுக்கு முன்பே எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பாடல்களுக்கான ராயல்டியைத் திரட்டித் தரும் ஐபிஆர்எஸ் அமைப்பில் உறுப்பினராகப் பதிவு செய்துகொள்ளுங்கள், அனுமதி பெறாத சாம்பிளை (பிறர் பதிவிலிருந்து எடுத்த ஒலித்துண்டை) வணிக வெளியீட்டில் வைக்காதீர்கள்.

சென்னையிலிருந்து செய்யலாமா என்ற கேள்விக்கு: செய்யலாம், ஆனால் இங்கேயே மேடை வருமானம் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். இந்த இசைக்கும் நமக்கும் தொடர்பே இல்லை என்றும் சொல்ல முடியாது. லண்டன் ஹாக்ஸ்டனில் ‘புளூ நோட்’ என்ற இடத்தில் ஞாயிறு இரவுகளில் மெட்டல்ஹெட்ஸ் லேபிளின் நிகழ்ச்சி நடந்தபோது, அதே இடத்தில் திங்கள் இரவுகளில் தபலா கலைஞர் டால்வின் சிங் ‘அனோகா’ என்ற நிகழ்ச்சியை நடத்தினார்; 1997-இல் அவர் தொகுத்து வெளியிட்ட ஆல்பத்தில் ஏ. ஆர். ரஹ்மானின் ‘பம்பாய்’ படத் தீம் இசையும் இடம்பெற்றது. இரண்டாண்டுகள் கழித்து டால்வின் சிங்குக்கு, ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்குப் பிரிட்டனில் தரப்படும் மெர்குரி பரிசு கிடைத்தது. 1997-இல் அதே பரிசை, ரேடியோஹெட் உள்ளிட்டோரைத் தாண்டி, பிரிஸ்டலின் ரோனி சைஸும் அவருடைய ‘ரெப்ரசன்ட்’ குழுவும் பெற்றிருந்தார்கள்.

நடைமுறையில் நான் சொல்லக்கூடியது இதுதான். ஒரு வெளிநாட்டு லேபிளைத் தேர்ந்தெடுத்து, அதன் கடந்த இரண்டு ஆண்டு வெளியீடுகளைக் கேட்டு, அந்த வரிசையில் பொருந்தும் இரண்டு மூன்று பாடல்களை முழுமையாக முடித்த பிறகு அனுப்புங்கள். பாதி முடிந்த பத்துப் பாடல்களை யாரும் கேட்பதில்லை. அதுவரை வருமானத்துக்கு விளம்பர இசை, ஒலிக்கலவை, குறும்படப் பின்னணி இசை என ஏதாவது ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

மென்பொருளைப் பொறுத்தவரை, ஏபிள்டன் லைவ், எஃப்எல் ஸ்டுடியோ, கியூபேஸ், லாஜிக் என எதில் வேண்டுமானாலும் இந்த இசையைச் செய்யலாம். நண்பர்கள் எதை வைத்திருக்கிறார்களோ அதையே வாங்கினால் சந்தேகம் கேட்க ஆள் இருக்கும். கையில் பணம் மிஞ்சினால் புதிய பிளகின்களை (மென்பொருளில் சேர்க்கும் கூடுதல் கருவிகளை) விட்டுவிட்டு, நல்ல ஹெட்ஃபோன் ஒன்றும் அறை மூலைகளுக்கு, கீழ் அலைவரிசைகளை உறிஞ்சும் பேஸ் டிராப்பும் வாங்குங்கள்.