சிறிய கட்சியின் இளம் உறுப்பினரான டேவிட் ஸ்டீல் 1967-இல் ஒரு பெரிய சட்டத்தை எப்படி நிறைவேற்றினார்?

அமைச்சரல்லாத உறுப்பினர் ஒருவர் சொந்தப் பொறுப்பில் கொண்டுவரும் சட்ட முன்வரைவே தனிநபர் மசோதா. பிரிட்டிஷ் மக்களவையின் நேரம் பெரும்பாலும் அரசின் கையில் இருப்பதால், இத்தகைய மசோதாக்களுக்குச் சில வெள்ளிக்கிழமைகளே மிஞ்சுகின்றன. அவை யாருக்கு என்பதைக் குலுக்கலே முடிவு செய்கிறது. குலுக்குச்சீட்டில் முதலில் பெயர் விழுந்தவர் பணத்தை முதலில் எடுப்பதைப் போன்றதுதான் இது.

லிபரல் கட்சியின் டேவிட் ஸ்டீல் 1965 இடைத்தேர்தலில், தம் 26-ஆம் வயதில், ஸ்காட்லாந்தின் எல்லைப்புறத் தொகுதியிலிருந்து தேர்வானார். 1966 பொதுத்தேர்தலில் 630 இடங்களில் அக்கட்சிக்குக் கிடைத்தவை வெறும் 12. ஆனால் குலுக்கலில் அவருக்கு மூன்றாம் இடம் விழுந்தது; அவர் கருக்கலைப்புச் சட்டச் சீர்திருத்தத்தைத் தேர்ந்தெடுத்தார். தொகுதியில் எதிர்ப்பு வரக்கூடிய பொருளைப் புதியவர் ஒருவர் எடுத்தது துணிச்சல்தான். எனினும், எதிர்ப்பாளர்கள் பேசியே நேரத்தைக் கடத்திவிடக்கூடிய நிலையில், உள்துறை அமைச்சர் ராய் ஜென்கின்ஸின் ஆதரவோடு அரசு கூடுதல் நேரம் ஒதுக்கியிராவிட்டால், விடிய விடிய நடந்த விவாதத்தைத் தாண்டி 1967 அக்டோபரில் அது சட்டமாகியிருக்காது.

இச்சட்டம் கேட்டவுடன் கருக்கலைப்பு செய்யும் உரிமையை வழங்கியதாகப் பலர் கருதுகின்றனர். உண்மையில் குறிப்பிட்ட காரணங்கள் உண்டென இரு மருத்துவர்கள் ஒப்ப வேண்டும் என்றே அது விதித்தது, வட அயர்லாந்துக்கு அது பொருந்தவுமில்லை.