தேனுக்கு மாறினால் சர்க்கரை நோயைத் தவிர்க்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 38. பெற்றோர் இருவருக்கும் சர்க்கரை நோய் உண்டு. வெறும் வயிற்றில் செய்த பரிசோதனையில் எனக்கு 108 மி.கி. வந்துள்ளது. இரண்டு தேக்கரண்டி சர்க்கரையுடன் நாளொன்றுக்கு மூன்று முறை தேநீரும், மாலையில் ஒரு குளிர்பானமும் அருந்துகிறேன். சர்க்கரைக்குப் பதிலாகத் தேன் சேர்த்தால் நோயைத் தவிர்க்கலாமா?

பதில்: தேனால் பயனில்லை. தேனையும் பழச்சாற்றையும், நாம் சேர்க்கும் சர்க்கரையோடு ஒரே வகையில்தான் உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. இவை மொத்த ஆற்றலில் 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்றும், 5 விழுக்காட்டுக்குள் அடங்கினால் மேலும் நல்லது என்றும் அதன் 2015ஆம் ஆண்டு வழிகாட்டுதல் கூறுகிறது. 2,000 கலோரி உண்பவருக்கு இந்த வரம்புகள் முறையே 50 கிராம், 25 கிராம். உங்கள் ஆறு தேக்கரண்டி ஏறத்தாழ 24 கிராம், 330 மி.லி. குளிர்பானத்தில் சுமார் 35 கிராம். இந்த இரண்டிலேயே மேல்வரம்பைக் கடந்துவிடுகிறீர்கள்.

முதலில் கைவிட வேண்டியது குளிர்பானத்தையே. திரவமாக உட்செல்லும் சர்க்கரை வயிறு நிறைந்த உணர்வைத் தருவதில்லை என்பதால், அதை ஈடுகட்டும் அளவுக்கு நாம் உணவைக் குறைத்துக்கொள்வதில்லை, எடை கூடுகிறது. அதோடு, சர்க்கரையின் ஒரு பாதியான ஃபிரக்டோஸ் பெரும்பாலும் கல்லீரலிலேயே கையாளப்படுவதால், மிகையாகும்போது அங்கே கொழுப்பாக மாறுகிறது. கொழுப்பு படிந்த கல்லீரல் இன்சுலினுக்குச் சரிவரக் கட்டுப்படாது. கணையம் கூடுதலாகச் சுரந்து ஈடுகட்டிப் பார்த்து, ஒரு கட்டத்தில் தளர்ந்துவிடும். நாளுக்கு ஓரிரு முறை இனிப்புப் பானம் அருந்துவோருக்கு, அறவே அருந்தாதோரையும் அரிதாக அருந்துவோரையும்விட இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு 26 விழுக்காடு அதிகம் என்று 2010இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு கணக்கிட்டது.

ஆனாலும், ‘சர்க்கரை நோய்’ என்ற பெயர் சற்றே நம்மைத் திசைதிருப்புகிறது. அது இரத்தத்திலுள்ள சர்க்கரையைக் குறித்த பெயரேயன்றி, உண்ட சர்க்கரையைக் குறித்ததன்று. எடை, உடலுழைப்பின்மை, மரபு ஆகியவையும் சேர்ந்தே இந்நோயை வரவழைக்கின்றன. முதலாம் வகை நீரிழிவுக்கோ உண்ணும் சர்க்கரை காரணமே அன்று. முழுப் பழங்களையும் அஞ்ச வேண்டியதில்லை. அவற்றின் நார்ச்சத்து சர்க்கரை மெதுவாகச் சேர உதவுகிறது.

உங்களுடைய 108, நீரிழிவுக்கு முந்தைய நிலையான 100 முதல் 125 வரையிலான எல்லைக்குள் வருகிறது. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையையும் செய்து மருத்துவரிடம் காட்டுங்கள், அதில் 5.7 முதல் 6.4 வரை இருந்தால் அதே நிலை உறுதியாகும். இந்நிலையில் இருந்தவர்களிடம் அமெரிக்காவில் நடத்தப்பட்டு 2002இல் வெளியான ஆய்வில், எடையை 7 விழுக்காடு குறைப்பதையும் வாரம் 150 நிமிட உடற்பயிற்சியையும் இலக்காகக் கொண்ட குழுவினருக்கு நோய் வருவது 58 விழுக்காடு குறைந்தது. மரபை மாற்ற முடியாத உங்களுக்கு நம்பிக்கை தரும் எண் இது. குளிர்பானத்தை இன்றே நிறுத்துங்கள். தேநீர்ச் சர்க்கரையை வாரந்தோறும் அரைக் கரண்டி வீதம் குறைத்து வந்தால் நாக்கும் பழகிவிடும்.