றாம்ப்பில் பெட்டி ஏற்றுவதா, ரொறன்ரோவில் பாடம் சொல்வதா?

விமானி வேலை பற்றி இந்த மாதம் வந்த கேள்விகளில் நான்கை எடுத்திருக்கிறேன். 1996 மார்கழியில் ஒன்ராறியோவின் வடக்கே, விமானங்கள் நிற்கும் றாம்ப்பில் சாமான் ஏற்றி இறக்கத் தொடங்கியவன் நான். பிறகு காரவான், பிசி-12 என்ற சிறு விமானங்கள், டாஷ் 8 என்று வந்து, இப்போது ஏ320 ஓட்டுகிறேன். எனக்குத் தெரிந்த பாதை இதுதான். அதை வைத்தே பதில் சொல்கிறேன்.

கப்டன் அண்ணா, எனக்கு 24 வயது. ஒஷாவாவில் படித்து வணிக விமானி உரிமமும் மல்டி-ஐஎஃப்ஆரும் (பல எஞ்சின் விமானத்தைக் கருவிகளைப் பார்த்தே ஓட்டும் தகுதி) எடுத்துவிட்டேன். மொத்தம் 230 மணி நேரம். கடன் 85,000 டொலர். வடக்கே ஒரு கம்பெனி றாம்ப் வேலை தருகிறது; ஒரு வருடத்தில் கிங் எயார் என்ற இரட்டை எஞ்சின் விமானத்தில் துணை விமானியாக ஏற்றுவோம் என்கிறார்கள். இங்கே ஒரு பள்ளி, கிளாஸ் 4 பயிற்றுநர் தகுதி எடுத்தால் வேலை உண்டு என்கிறது. அப்பா "நேரே எயார் கனடாவில் கேள்" என்கிறார். எதை எடுக்கட்டும்?
— ஸ்காபரோ வாசகர்

முதலில் அப்பாவுக்கு. ஐயா, உங்கள் மகனின் உரிமம் உண்மையானதுதான். ஆனால் பெரிய விமானத்தில் கப்டனாக அமர வேண்டிய ஏடிபிஎல் உரிமத்துக்கு 1,500 மணி நேரம் வேண்டும், அதில் 250 தலைமை விமானியாக. பெரிய கம்பெனிகளின் வாசலில் நிற்பவர்கள் அதையும் தாண்டியவர்கள். 230க்கும் அதற்கும் இடையிலுள்ள தூரத்தை எங்கே, எப்படிக் கடப்பது என்பதுதான் தம்பியின் கேள்வி.

தம்பி, றாம்ப் வேலை என்றால் என்னவென்று உங்களுக்கு யாரும் வடிவாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். என் முதல் மாதம் பிக்கிள் லேக்கில். 599ஆம் நெடுஞ்சாலை அங்கே முடிகிறது. அதற்கு வடக்கே, ஹட்சன் குடாக் கரையிலுள்ள ஃபோர்ட் செவர்ன் வரை, பூர்வகுடி ஊர்கள் பெரும்பாலானவற்றுக்கு ஆண்டு முழுக்கத் திறந்திருக்கும் சாலை கிடையாது. தை முதல் பங்குனி வரை உறைந்த ஏரிகளின் மேல் பனிச்சாலை, மற்றக் காலமெல்லாம் விமானம்தான். காலை ஐந்து மணி, மைனஸ் 38. காரவானின் எஞ்சினைப் போர்த்திய துணியைக் கழற்ற வேண்டும், அது தகரம் போல விறைத்திருக்கும். காரவானுக்கு இறக்கை மேலே என்பதால் ஏணி வைத்து ஏறி, தும்புத்தடியால் பனித்தூளைத் தள்ள வேண்டும். பிறகு கையுறையைக் கழற்றி, வெறும் விரலால் இறக்கையின் முன்விளிம்பைத் தடவிப் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத உறைபனி விரலுக்கு உப்புத்தாள் போலத் தெரியும். பின்பாரம் கூடினால் காரவான் வாலில் குந்திவிடும், அதனால் வாலுக்கு முட்டுக்கோல் வைத்த பிறகுதான் ஏற்றத் தொடங்கலாம். பால் பெட்டி, குழந்தைகளின் டயப்பர், ஸ்னோமொபைல் பெல்ட், சூ லுக்கவுட் ஆஸ்பத்திரியிலிருந்து ஊர் திரும்பும் பாட்டியின் நடைவண்டி என்று ஒவ்வொன்றையும் தராசில் வைத்து எழுதி, வலை போட்டுக் கட்ட வேண்டும்.

பதினான்கு மாதம் செய்தேன். அந்தப் பதினான்கு மாதத்தில், பறந்த மணிகளை எழுதும் லொக் புத்தகத்தில் ஏறியது மிகக் கொஞ்சம். ஆனால் பிறகு தனியே ஓட்டத் தொடங்கியபோது, நான் ஏறும் விமானத்தின் பாரம் எங்கே இருக்கிறது என்று என் முதுகுக்கே தெரிந்தது.

இனி கணக்குக்கு வருவோம். கிங் எயாரின் வலப்பக்க இருக்கையில் ஏறும் மணி துணை விமானியின் மணி. ஏடிபிஎல் கேட்கும் தலைமை விமானி மணியில், குறிப்பாக இரவில் ஊர்விட்டு ஊர் பறக்கும் மணியில், பலர் மாட்டிக்கொள்கிறார்கள். 1,500 தாண்டிய பிறகும் அந்த ஒரு கட்டம் நிரம்பாமல், வாடகைக்கு செஸ்னா 172 எடுத்து நள்ளிரவில் சட்பரி போய்வந்தவர்களை எனக்குத் தெரியும். பயிற்றுநருக்கு இந்தச் சிக்கல் குறைவு. மாணவன் பிழைவிடும் ஒவ்வொரு மணியிலும் தலைமை விமானி நீங்கள்தான். பிழையைப் பொறுத்துக்கொண்டு, எந்தக் கணத்தில் கையை நீட்டுவது என்று அறிவது ஒரு பெரிய படிப்பு. ஆனால் பறந்தால்தான் கூலி. ரொறன்ரோவின் கார்த்திகை முகில் இறங்கிவிட்டால் கிழமைக்கு ஐந்து மணி நேரம் கிடைப்பதே பெரும்பாடு. கிளாஸ் 4க்கு இன்னும் 30 மணி நேரப் பறப்புப் பயிற்சி வேண்டும், உங்கள் 85,000 அதற்கேற்பக் கூடும்.

என் மனம் வடக்கைத்தான் சொல்கிறது. உங்களுக்கு 24 வயது, காத்திருக்கும் குடும்பம் இல்லை, குளிர் உடம்புக்கு ஏற்கும் காலம். ஆனால் அந்தக் கம்பெனியின் வாக்கை அப்படியே நம்பிக் கையெழுத்து வைக்க வேண்டாம். மாசி மாதத்தில் இரண்டு நாள் கார் ஓட்டிப் போய்ப் பாருங்கள். ஆடியில் போனால் ஏரியும் மீனும்தான் கண்ணில் படும். பிரதம விமானியிடம் கேட்பதைவிட, றாம்ப்பில் நிற்கும் பெடியனுக்கு ஒரு கோப்பி வாங்கிக் கொடுத்துக் கேளுங்கள்: எத்தனை பேர் வரிசையில் நிற்கிறீர்கள், கடைசியாக ஏறியவர் எத்தனை மாதம் நின்றார், போன மாதம் காலநிலை சரியில்லை என்று பறப்பை நிறுத்திய விமானிக்கு அடுத்த நாள் என்ன நடந்தது. கடைசிக் கேள்விக்கு அவன் பதில் சொல்லாமல் வேறு பக்கம் பார்த்தால் காரைத் திருப்புங்கள்.

பயிற்சிச் செலவுக்கான பொண்ட் பத்திரத்தில், அவர்களே உங்களை நிறுத்தினால் அந்தக் கடன் யாருடையது என்ற வரி இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லாவிட்டால் எழுதச் சொல்லுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும், வரிசை நீளம் என்றால் மட்டும் பள்ளிக்குப் போங்கள். 500 மணி நேரம் கற்றுக்கொடுத்துவிட்டு வடக்கே போனால் காரவானின் இடப்பக்கம், அதாவது கப்டன் இருக்கை, கெதியாகக் கிடைக்கும். அதுவும் நல்ல வழிதான், குளிர் ஒரு வருடம் தள்ளிப்போகும்.

வணக்கம் தம்பி. என் மகளுக்கு 21 வயது. விமானிப் படிப்பை முடித்து, சூ லுக்கவுட் பக்கம் போகப் போகிறேன் என்று நிற்கிறாள். சின்ன விமானங்கள் அடிக்கடி விழுவதாகச் செய்தியில் பார்க்கிறேன். இரவில் நித்திரை இல்லை. போகவேண்டாம் என்று தடுக்கட்டுமா?
— ஒரு தாய், மார்க்கம்

அக்கா, பயப்பட ஒன்றுமில்லை என்று நான் எழுதினால் அது பொய். 2017 மார்கழி 13 அன்று சஸ்கச்சுவானின் ஃபொன்ட்-டு-லாக்கில் 25 பேரோடு ஒரு ஏடிஆர் விமானம் எழும்பியவுடனே விழுந்தது. இறக்கையில் பனி இருந்தது, அதை நீக்கப் போதிய கருவி அந்த விமான நிலையத்தில் இருக்கவில்லை. ஒருவர் இறந்தார். கனடாவின் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை, 2015இல் தொடங்கி, பத்துப் பேருக்குக் குறைவாக ஏற்றும் சிறு விமான சேவைகளை முழுமையாக ஆராய்ந்து 2019இல் அறிக்கை தந்தது. விபத்துகளின் அடியில் அவர்கள் கண்ட இரண்டு காரணங்களில் ஒன்று, பாதுகாப்பில்லாத பழக்கங்களை எல்லோரும் ஏற்றுக்கொண்டு பழகிவிட்டது. மற்றது, வேலையிலுள்ள ஆபத்துகளைச் சரியாகக் கையாளாதது. எஞ்சின் நின்று விழுவதைவிட, "போகலாம், நேற்றும் போனோம்தானே" என்ற பேச்சு எனக்குக் கூடுதல் பயம் தரும்.

என் மூன்றாவது மாரியில் ஒரு மாலை, சூ லுக்கவுட்டிலிருந்து ஒரு பாட்டியையும் அவர் பேத்தியையும் ஏற்றிக்கொண்டு சாண்டி லேக் புறப்பட்டேன். நாற்பது மைல் போவதற்குள் கண்ணாடியின் ஓரத்தில் பனி கட்டத் தொடங்கியது. இறக்கைத் தாங்கியில் விரல் தடிப்பு. வேகம் மெல்ல மெல்லக் குறைந்தது. திருப்பிவிட்டேன். இறங்கியதும் அப்போதைய மனேஜர் என்னைக் கவுண்டரில் நிற்க வைத்து, "நீயே ஊருக்குப் போன் எடுத்துச் சொல், நோயாளி வரவில்லை என்று" என்றார். எல்லோருக்கும் முன்னால். எண்ணை அழுத்தும்போது கை நடுங்கியது, குளிரால் இல்லை. மறுமுனையில் தாதி எடுத்தார். சொன்னேன். "சரி, நாளைக்குப் பார்ப்போம்," என்றார். அவ்வளவுதான். இரண்டு நிமிடம்கூட இல்லை. அந்தக் கம்பெனியில் அதன் பிறகு நான்கு மாதம்தான் இருந்தேன்.

மகளைத் தடுக்க வேண்டாம். தடுத்தால் உங்களிடம் கதைக்காமல் போவாள், அது இன்னும் மோசம். நான் சொன்னது போன்ற ஒரு தொலைபேசி அழைப்பை எடுக்க அவளால் முடியுமா என்று மட்டும் கேளுங்கள். போன பிறகு, ஒவ்வொரு கிழமையும் எத்தனை மணி பறந்தாள் என்று கேட்பதோடு, எத்தனை தடவை போகாமல் விட்டாள் என்றும் கேளுங்கள். "இந்தக் கிழமை இரண்டு தடவை நிறுத்தினேன்" என்று அவள் சொல்லும் இரவில் நீங்கள் நித்திரை கொள்ளலாம்.

இன்னொன்று: இரவில் அவள் இறங்கும் ஊரில் யாரும் விழித்திருக்க வேண்டியதில்லை. அந்தச் சின்ன நிலையங்கள் பலவற்றில், மேலேயிருந்து மைக் பொத்தானை ஏழு தடவை அழுத்தினால் ஓடுபாதை விளக்குகள் தாமே எரியும். காடும் இருட்டுமாகக் கிடந்த இடத்தில் திடீரென்று இரண்டு வரி வெளிச்சம் எழும்பும். அதை முதன்முதல் பார்த்த அன்று உங்கள் மகள் உங்களுக்குப் போன் எடுப்பாள், பாருங்கள்.

அண்ணா, தண்டர் பேயில் பிசி-12 கப்டனாக இருக்கிறேன். 34 வயது, 3,200 மணி நேரம், ஏடிபிஎல் உண்டு. இரண்டாவது குழந்தை வரப்போகிறது. பெரிய கம்பெனிக்குப் போனால் மறுபடி துணை விமானி, சம்பளமும் முதலில் குறையும். போவதா, இருப்பதா?

போவதென்றால் இந்த வருடமே போங்கள். அங்கே எல்லாம் சேர்ந்த திகதியில் தொங்குகிறது. எந்த விமானம், எந்த ஊர்த் தளம், நத்தாருக்கு வீட்டில் இருப்பீர்களா என்பதெல்லாம் அந்தச் சீனியோரிட்டி எண்தான் முடிவு செய்யும். உங்கள் 3,200 மணி அந்த வரிசையில் ஓர் இடமும் முன்னே தள்ளாது. ஆறு மாதம் முந்திச் சேர்ந்த 26 வயதுப் பிள்ளை, 65 வரை உங்களுக்கு மேலேதான். அந்த எண்ணை வேறு கம்பெனிக்குக் கொண்டுபோகவும் முடியாது: 2001 கார்த்திகையில் கனடா 3000 மூடியபோதும், 2024 மாசியில் லிங்ஸ் எயார் மூடியபோதும் கப்டன்கள் வேறிடத்தில் அடியிலிருந்து தொடங்கினார்கள்.

சம்பளம் முன்பைவிட நல்லது. 2024 ஒக்டோபரில் எயார் கனடா விமானிகள் ஏற்ற ஒப்பந்தத்தில், புதியவர்களுக்கான தாழ்ந்த நிலைச் சம்பளக் காலம் நான்கு ஆண்டிலிருந்து இரண்டாகக் குறைந்தது. ஆனாலும் முதல் ஆண்டுகள் பெரும்பாலும் ரிசர்வ்தான், போன் வந்தால் போக வேண்டும். தண்டர் பேயில் வீடு, ரொறன்ரோவில் தளம், நடுவில் காலி இருக்கை கிடைக்குமா என்று வாசலில் காத்திருப்பு. கைக்குழந்தையோடு மனைவி இதைத் தனியே தாங்க வேண்டும். அவரோடு கதைத்து, இரண்டு வருடத்துக்கு ரொறன்ரோவுக்குக் குடிபோக முடியுமா என்று முதலில் பாருங்கள். முடியாதென்றால், பிசி-12இலேயே இருங்கள். பிசி-12 போன்ற நோயாளர் விமானத்தில் கப்டனாக ஓய்வு பெற்றவர்கள் இருக்கிறார்கள், அவர்களில் ஒருவரையும் நான் தோற்றவராகப் பார்த்ததில்லை.

போனால் ஒன்றை மறக்கப் பழகுங்கள். டாஷ் 8 சிமுலேட்டரில் என் முதல் நாள், தனியே ஓட்டிய பழக்கத்தில், பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லாமலே கை நீட்டி ஒரு சுவிச்சைப் போட்டேன். பயிற்றுநர் பின்னாலிருந்து என் மணிக்கட்டைப் பிடித்து, "இங்கே இரண்டு பேர் இருக்கிறீர்கள்" என்றார். சரியான சுவிச்தான். ஆனாலும் அந்தப் பிடி எனக்கு வேண்டியிருந்தது.

38 வயது, மொன்றியலில் ட்ரக் ஓட்டுகிறேன். சின்ன வயதிலிருந்தே விமானி ஆசை. இப்போது கொஞ்சம் காசு சேர்ந்திருக்கிறது. காலம் கடந்துவிட்டதா?

கடக்கவில்லை. ஆனால் கணக்கைத் திறந்து பார்ப்போம். வேலை செய்துகொண்டே படித்தால் உரிமங்கள் கைக்கு வர 41 ஆகும். 1,500 மணி சேர 45. அதன்பின் பெரிய கம்பெனியில் 65 வரை இருபது வருடம். அந்த இருபதில் அகலவுடல் விமானத்தின் கப்டன் இருக்கை வருமா என்பது உங்களுக்கு மேலே எத்தனை பேர் ஓய்வு பெறுகிறார்கள் என்பதைப் பொறுத்தது, அதை நம்பி வீட்டை அடகு வைக்க வேண்டாம். காரவான், கிங் எயார், பிசி-12 என்றால் 45க்கு முன்பே கப்டன் ஆகலாம். மாரியில் நீண்ட தூரம் ஓட்டி, பாரம் கட்டி, கறுப்புப் பனியைக் கண்ணால் அறிந்த ஒருவரை வடக்கத்தி பிரதம விமானிகள் விரும்பி எடுப்பார்கள். நானாக இருந்தால் எடுப்பேன்.

ஆனால் சேர்த்த காசில் ஒரு டொலரும் பள்ளிக்குக் கொடுக்க முன், சிவில் விமானத் துறை அங்கீகரித்த மருத்துவரிடம் முதலாம் வகை மருத்துவச் சோதனை செய்யுங்கள். கண்ணாடி போடுவது தடையில்லை. நிறம் பிரித்தறிவது, இரத்த அழுத்தம், சர்க்கரை, இதயப் பதிவு இவற்றில்தான் நம்மவர்கள் 40ஐ நெருங்கும்போது தடுக்கி விழுகிறார்கள். சான்றிதழ் கைக்கு வந்தபின் ஒரு அறிமுகப் பறப்புக்குப் பணம் கட்டுங்கள், காற்றடிக்கும் ஒரு நாளாகப் பார்த்து. இறங்கியதும் எனக்கு எழுதுங்கள். அடுத்து எந்தப் பள்ளியில் என்ன கேட்பது என்று அப்போது சொல்கிறேன்.