வாசகர் கேள்விகள்: வீட்டு வரியில் வீடு கட்ட முடியுமா?

(மலையக உள்ளூராட்சி சபைகளில் வருமானப் பரிசோதகராக இருந்து ஓய்வுபெற்றவர் பதிலளிக்கிறார்.)

எம்.சி., நோர்வூட்: ஐயா, என் சித்தப்பா மகள் அமெரிக்காவில் சியாட்டில் நகரத்தில் இருக்கிறாள். அங்கே வீட்டு வரியோடு கொஞ்சம் கூடுதலாக வாங்கி, வசதி குறைந்தவர்களுக்கு வீடு கட்டிக் கொடுக்கிறார்களாம். நாங்கள் தலைமுறை தலைமுறையாகத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒட்டிக் கட்டிய வரிசை அறைகளில் இருக்கிறோம். நம்ம பிரதேச சபைகளும் இப்படிச் செய்தால் கொழும்பையும் இந்தியாவையும் எதிர்பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதில்லையே?

உங்கள் தங்கை சொன்னது சரிதான். சியாட்டிலில் இந்த ஏற்பாடு 1981இல் தொடங்கியது. சில வருடங்களுக்கு ஒரு முறை மக்களிடமே வாக்குக் கேட்டு அதைப் புதுப்பிக்கிறார்கள். கடைசியாக 2023 நவம்பரில் வாக்கெடுப்பு நடந்தது. ஏழு வருடத்துக்கு 97 கோடி டொலர், அதில் மூவாயிரத்துக்கு மேல் வீடுகள் என்பது திட்டம். மசாசுசெட்ஸ் மாநிலத்தில் வேறு மாதிரி. 2000ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஓர் ஊர் மக்கள் வாக்களித்து ஒப்புக்கொண்டால், ஆதன வரியின் மேல் 3 வீதம் வரை கூட்டி வாங்கலாம். அந்தப் பணத்தில் குறைந்தது பத்தில் ஒரு பங்கு வீட்டுக்குப் போக வேண்டும். மாநில அரசும் தன் பங்குக்குக் கொஞ்சம் போடும். இரண்டு இடத்திலும் எனக்குப் பிடித்தது ஒன்றுதான்: அந்தப் பணம் தனிக் கணக்கில் கிடக்கும், வேறு செலவுக்கு யாரும் கை வைக்க முடியாது.

இனி நம்ம ஊருக்கு வருவோம். இங்கே வீட்டு வரிக்குச் சோலைவரி என்று பெயர். அது ஒரு கட்டிடத்தின் வருடாந்தப் பெறுமதியில், அதாவது அதை வாடகைக்கு விட்டால் வருடத்துக்கு என்ன கிடைக்கும் என்ற மதிப்பில், ஒரு வீதம். அதை விலைமதிப்புத் திணைக்களம் மதிப்பிடும், சபை அறவிடும். நான் வேலை பார்த்த காலத்தில் பெரிய வரிப் பதிவேடு ஒன்று மேசையில் இருக்கும். நகரத்துக் கடைகள், வீதியோர வீடுகள், பள்ளிவாசல் பக்கத்துக் குறுக்குத் தெரு என்று இலக்கம் இலக்கமாகப் போகும். தோட்ட எல்லைக்கு வந்ததும் பதிவேடு நின்றுவிடும். ஐந்நூறு குடும்பம் இருக்கிற தோட்டத்தில் ஐந்நூறு பெயரில் ஒன்றுகூட அதில் இராது. பயிர்ச்செய்கைக் காணிக்கு ஏக்கர் வரி என்று ஒன்று உண்டு. அது தோட்டத்துக்குப் போடுவது, வீட்டுக்கு அல்ல. அதில் வருகிற தொகையைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள்.

காரணம் காணியில் இருக்கிறது. 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தத்தின் கீழ் தோட்டங்களை அரசு எடுத்துக்கொண்டது. 1992இல் அவற்றை 22 பிராந்தியக் கம்பனிகளுக்குக் கொடுத்தார்கள். கம்பனிக்கு இருப்பது 53 வருடக் குத்தகை, காணி அரசாங்கத்தினுடையது. குத்தகைப் பணம் மேலே போகும், சபைக்கு வராது. லயத்தில் குடியிருப்பவருக்குக் குத்தகையும் இல்லை, காணி உறுதியும் இல்லை. வரி போடுவதற்கு ஒரு ஆதனம் வேண்டும், அதற்கு ஒரு ஆள் வேண்டும். நம்ம ஆட்கள் இரண்டு கணக்கிலும் இல்லை.

செலவுப் பக்கம் இன்னும் மோசமாக இருந்தது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவைக் காட்டி, தோட்டத்துக்குள் சபைப் பணத்தைச் செலவழிக்க முடியாது என்று சொல்லிவிடுவார்கள். நான் இருந்த ஒரு சபையில், லயத்துக்குப் போகிற படிக்கட்டு உடைந்துவிட்டது, செய்து தாருங்கள் என்று வந்த கடிதங்களின் மேல் ‘தோட்ட எல்லைக்குள் உள்ளது’ என்று சிவப்பு மையில் எழுதி ஃபைலில் போட்டுவிடுவோம். கடிதம் கொடுத்தவர் அதே சபைக்கு வாக்குப் போட்டவர்தான். 2018இல்தான் அந்தப் பிரிவைத் திருத்தினார்கள். அதே வருடம் பெப்ரவரியில் நடந்த தேர்தலில், நுவரெலியா, அம்பகமுவ என்ற இரண்டு பெரிய பிரதேச சபைகள் ஆறாகப் பிரிந்து வந்தன. உங்கள் நோர்வூட் சபை பிறந்ததும் அப்போதுதான். சட்டம் வழிவிட்டது, சபையும் கிட்ட வந்தது. பெட்டியில் பணம் மட்டும் வரவில்லை.

சரி, வரி போட்டால் எவ்வளவு வரும்? பேச்சுக்கு ஒரு கணக்குப் போடுவோம். ஒரு சபைக்குள் 2,000 புதிய வீடுகள் இருக்கின்றன, வீட்டுக்கு வருடம் 1,500 ரூபாய் என்று வையுங்கள். எல்லோரும் ஒழுங்காகக் கட்டினால் 30 இலட்சம். இந்தியா கட்டித் தரும் 10,000 வீட்டுத் திட்டத்தில் இப்போது ஒரு வீட்டுக்கு 28 இலட்சம் ஒதுக்குகிறார்கள். ஆக, 2,000 குடும்பம் ஒரு வருடம் வரி கட்டினால் ஒரு வீடு. சியாட்டிலில் ஒரு சாதாரண வீட்டுக்காரர் இந்தத் திட்டத்துக்கு மட்டும் வருடத்துக்கு 400 டொலருக்குச் சற்றுக் குறைவாகக் கொடுக்கிறார். அங்கே வீட்டு விலை வேறு, சம்பளம் வேறு. தோட்டச் சம்பளத்தில் இருப்பவரிடம் வாங்கி, தோட்டத்தில் இருக்கிற இன்னொருவருக்கு வீடு கட்ட நினைப்பது நியாயமும் இல்லை.

அதற்காக உள்ளூர் வரி பிரயோசனமில்லை என்று நான் சொல்லமாட்டேன். வீடு கட்டிக் கொடுத்த இடங்களைப் போய்ப் பாருங்கள். ஏழு பேர்ச் காணி, 550 சதுர அடி வீடு, சுவர் எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. பின்னால் மண் வெட்டிய மேடு அப்படியே நிற்கும், அணைச்சுவர் இராது. மழைத்தண்ணீர் மேல் வீட்டிலிருந்து கீழ் வீட்டு அடுப்பங்கரைக்கு வரும். பாதை சேறு, ஆட்டோ ஏறாது, கர்ப்பிணியைத் தூக்கிக்கொண்டுதான் இறங்க வேண்டும். மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 நடந்த மண்சரிவையும், 2025 நவம்பரில் டித்வா புயல் மலையகத்தைப் புரட்டிப் போட்டதையும் பார்த்த பிறகும் மழைத்தண்ணீர் ஓடுகிற கானை யார் வெட்டுவது என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம். கான், அணைச்சுவர், தண்ணீர்க் குழாய், உள்பாதை எல்லாம் சபையின் வேலை. வருடம் 30 இலட்சம் தனிக் கணக்கில் சேர்ந்தால் இந்த வேலைகளை ஆரம்பிக்கலாம். பெரிய வேலைக்கு உள்ளூர்க் கடன் அபிவிருத்தி நிதியம் சபைகளுக்குக் கடன் கொடுக்கும். நிலையான வரி வருமானத்தைக் காட்டுகிற சபைக்குத்தான் அந்தக் கடனைக் கேட்கிற தைரியம் வரும்.

வீட்டை அரசோ இந்தியாவோ கட்டட்டும். அதைக் குடியிருக்கக் கூடிய ஊராக ஆக்கும் செலவு உள்ளூரிலிருந்து வரட்டும். அதையும் முதலில் கடைத்தெருவிலும் சுற்றுலா பங்களாக்களிலும் இருந்து வாங்கிவிட்டு, தோட்டத்து வீட்டுக்குக் கடைசியாக வாருங்கள் என்பேன். மலிவான வீடு மட்டும் போதாது, பக்கத்தில் பிழைப்பும் வேண்டும். ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கு ஒரு கூரையும் பத்துக் கடை அறையும் போட்டு வாடகைக்கு விட்டால் சபைக்கும் வருமானம், தோட்டத்துப் பிள்ளைக்கும் தொழில்.

ப.ரா., பூண்டுலோயா: எங்களுக்கு ஏழு பேர்ச் வீடு கிடைத்து சில வருடங்கள் ஆகின்றன. உறுதி இன்னும் கையில் இல்லை. இப்போது மதிப்பீட்டுக்கு வரப்போகிறார்களாம். ‘வரி கட்டாதே, கட்டினால் வலையில் விழுந்தாய்’ என்கிறார் என் மாமனார். கட்டலாமா?

மாமனாரின் பயம் எனக்குப் புரிகிறது. தோட்டத்தில் காகிதம் நீட்டினால் நல்லது வந்த அனுபவம் அவருக்கு இல்லை. ஆனால் கட்டுங்கள். வரிப் பற்றுச்சீட்டு காணி உறுதி ஆகாது, அதை வைத்து வங்கியில் கடன் கேட்க முடியாது. ஆனாலும் இந்த இலக்கத்தில் இந்தக் குடும்பம் இத்தனை வருடமாக இருக்கிறது என்று அரச ஆவணம் ஒன்று பேசும். கடிதம் வீட்டு இலக்கத்துக்கு வரும். தோட்ட அலுவலகத்தில் தபால் கிடந்து பழசாகும் கதை முடியும்.

இரண்டு விஷயத்தைக் கவனியுங்கள். உங்கள் பகுதியை அபிவிருத்தி அடைந்த பிரதேசமாக முறைப்படி பிரகடனம் செய்திருக்கிறார்களா என்று சபையில் கேளுங்கள். இல்லாமல் சோலைவரி போட முடியாது. அடுத்தது, மதிப்பீட்டு அறிவித்தல் வந்தால் அதில் குறித்த நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபனை கொடுக்கலாம். பாதையில்லை, குப்பை வண்டி வருவதில்லை, இந்த வீட்டை யார் இந்த வாடகைக்கு எடுப்பார்கள் என்று எழுதுங்கள். வருடாந்தப் பெறுமதி வாடகையை வைத்துத்தானே! பத்து வீட்டார் சேர்ந்து எழுதினால் அலுவலகத்தில் கவனிப்பார்கள். இதை அனுபவத்தில் சொல்கிறேன்.

க.ஜெ., எல்ல: நான் ஒரு கெஸ்ட் ஹவுஸில் வேலை செய்கிறேன். சுற்றுலாப் பயணிகளால் இங்கே அறை வாடகை ஏறிவிட்டது, எங்களைப் போன்றவர்கள் தூரத்தில் இருந்து பஸ்ஸில் வர வேண்டியிருக்கிறது. ஹோட்டல்களிடம் வாங்கி எங்களுக்கு வீடு கட்ட முடியாதா?

இதுதான் சரியான இடம். பிரதேச சபைகள் சட்டத்திலேயே ஒரு வழி இருக்கிறது: சுற்றுலாச் சபையில் பதிவு செய்த ஹோட்டல், உணவகம், விடுதியிடம், முந்தைய வருட வரவில் 1 வீதம் வரை அனுமதிப்பத்திரக் கட்டணமாக வாங்கலாம். சோலைவரி அதற்கு மேல் தனி. பதிவே செய்யாமல் மேல்மாடியில் நாலு அறை கட்டி இணையத்தில் வாடகைக்கு விடுபவர் இரண்டிலும் அகப்படமாட்டார். பதிவேட்டில் அது இன்னும் சாதாரண வீடுதான். சபை புதிதாக வரி கண்டுபிடிக்கத் தேவையில்லை, ஒரு முறை வீதி வீதியாக நடந்து எண்ணி வந்தாலே போதும். வாங்கியதில் ஒரு பங்கைத் தொழிலாளர் விடுதிக்கென்று வரவு செலவுத் திட்டத்தில் தனித் தலைப்பாகப் போடச் சொல்லி உங்கள் வட்டார உறுப்பினரிடம் கேளுங்கள். அடுத்த வருடத் திட்டத்தை வருட இறுதியில்தான் சபையில் வைப்பார்கள். ஒக்டோபரிலேயே போய்க் கேளுங்கள், டிசம்பரில் போனால் அச்சடித்து முடித்திருப்பார்கள்.

திருமதி எஸ்., தலவாக்கலை: சோலைவரியில் கழிவு உண்டு என்கிறார்களே, எப்படி?

வருடம் முழுவதற்குமான தொகையை ஜனவரி 31க்குள் கட்டினால் 10 வீதம் கழிவு. காலாண்டுக்கு ஒரு முறை கட்டுபவர், அந்தக் காலாண்டின் முதல் மாதத்துக்குள் கட்டினால் 5 வீதம். பழைய நிலுவை இருந்தால் முதலில் அதைத் தீர்க்கச் சொல்வார்கள். நிலுவையை அப்படியே விட்டால், அதை அறவிட எடுக்கும் வாரண்டின் செலவும் சேரும். பற்றுச்சீட்டை வாங்கியதும் இலக்கம் உங்கள் வீட்டினுடையதுதானா என்று கவுண்டரிலேயே பார்த்துக்கொள்ளுங்கள், பக்கத்து வீட்டுக்காரர் வரியை நீங்கள் கட்டிவிட்டு வரவேண்டாம்.