‘10 ஃபாரம், 70 ஜிஎஸ்எம்’: அச்சு, பைண்டிங் கேள்வி பதில்

(பதில் சொல்பவர், திருவல்லிக்கேணியில் பைண்டிங் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்து, பின்னாளில் சொந்தமாக பிரஸ் நடத்தியவர்.)

கேள்வி: என் கட்டுரைகளைச் சொந்தச் செலவில் புத்தகமாகப் போடுகிறேன். பிரஸ்காரர் கொடுத்த கொட்டேஷனில் ‘டெம்மி 1/8, 10 ஃபாரம், 70 ஜிஎஸ்எம் மேப்லித்தோ, ராப்பர் 300 ஜிஎஸ்எம் ஆர்ட் போர்டு, மேட் லேமினேஷன், பெர்ஃபெக்ட் பைண்டிங், 500 பிரதி’ என்று இருக்கிறது. கேட்டால் “எல்லாம் நல்லா வரும் சார்” என்கிறார். — ஆசிரியர், தேனி

நல்லாத்தான் வரும். ஆனாலும் எதற்குக் காசு கொடுக்கிறோம் என்று தெரிய வேண்டுமே!

டெம்மி என்பது தாளின் அளவு, 17½ × 22½ அங்குலம். அதை மூன்று முறை மடித்தால் 8 தாள், 16 பக்கம். அதனால்தான் 1/8. மடித்ததும் ஒரு தாள் 5⅝ × 8¾ அங்குலம் இருக்கும். பைண்டிங் முடிந்து கட்டிங் மெஷினில் மூன்று பக்கமும் சீவிய பிறகு 5½ × 8½ என்று உங்கள் கைக்கு வரும். சீவப்போகும் அந்த எட்டில் ஒரு அங்குலத்தை மறந்துவிட்டு, பக்க எண்ணை ஓரத்தில் ஒட்டி வைக்கிற டிசைனர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

அந்த 16 பக்கம்தான் ஒரு ஃபாரம். நீங்கள் பக்கக் கணக்கில் யோசிப்பீர்கள், நாங்கள் ஃபாரம் கணக்கில்தான் பேசுவோம். 10 ஃபாரம் என்றால் 160 பக்கம். மெஷினில் ஓடுவது பெரும்பாலும் டபுள் டெம்மி, அதாவது 22½ × 35. அதில் இரண்டு பக்கமும் அடித்தால் இரண்டு ஃபாரம். ஆக உங்கள் புத்தகம் ஒன்றுக்கு 5 ஷீட். 500 பிரதிக்கு 2,500 ஷீட், ரீம் கணக்கில் 5 ரீம். இதோடு வேஸ்டேஜ் சேரும். மை சரியாக விழும்வரை மெஷின் தின்கிற தாளுக்குக் கணக்கு வைக்காத பிரஸ் கிடையாது.

ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில். ஜெராக்ஸ் கடையில் பார்க்கிற ஏ4 தாள் ஒரு சதுர மீட்டரில் பதினாறில் ஒரு பங்கு. 80 ஜிஎஸ்எம் தாள் என்றால் ஒன்று 5 கிராம், 500 தாள் கட்டு இரண்டரை கிலோ. மேப்லித்தோ என்பது பூச்சு இல்லாத வழக்கமான புத்தகத்தாள். கண்ணுக்கு இதமாக வேண்டும் என்றால் நேச்சுரல் ஷேட் கேளுங்கள், லேசான மஞ்சளாக இருக்கும். கட்டுரைப் புத்தகத்துக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

ராப்பர் என்றால் மேலட்டை. ஆர்ட் போர்டு என்பது பூச்சுள்ள தடித்த அட்டை. மேட் லேமினேஷன் அதன் மேல் ஒட்டுகிற பளபளப்பில்லாத பிளாஸ்டிக் படலம். பைண்டிங் பற்றிக் கீழே ஒரு சண்டையே இருக்கிறது, அங்கே பாருங்கள்.

கேள்வி: என் நாவல் 164 பக்கம் வந்திருக்கிறது. “நாலு பக்கம் குறைங்க” என்று பிரஸ்ஸில் கேட்கிறார்கள். நாலு பக்கத்தில் என்ன மிச்சம் பிடிக்கப் போகிறார்கள்? — வாசகி, காரைக்குடி

அவர்கள் பிடிப்பதைவிட உங்களுக்குத்தான் மிச்சம். 160 பக்கம் முழுசாகப் பத்து ஃபாரம். மீதி நாலு பக்கம் கால் ஃபாரம். அந்தக் காலுக்கும் தனியாக ஒரு பிளேட் (பக்கங்கள் பதிந்த அச்சுத் தகடு) போட்டு, மெஷினில் ஏற்றி, தனியாக மடித்து, புத்தகத்தில் செருக வேண்டும். முன்னுரைக்கு முன்னால் இருக்கும் வெற்றுப் பக்கங்களைப் பாருங்கள், அத்தியாயத் தலைப்புக்கு மேல் விட்ட இடத்தைக் கொஞ்சம் இறக்குங்கள், நாலு பக்கம் தானாகக் குறையும். கதையில் கை வைக்க வேண்டாம்.

கேள்வி: 70 ஜிஎஸ்எம் என்று பேசிவிட்டு 60 போட்டுவிட்டார்களோ என்று சந்தேகம். எப்படிக் கண்டுபிடிப்பது? — பெயர் வேண்டாம், மதுரை

இந்தக் கேள்விக்காகவே உங்களுக்கு டீ வாங்கித் தரலாம். தாளைத் தடவிப் பார்த்துச் சொல்கிறேன் என்று யாராவது கிளம்பினால் நம்பாதீர்கள். எடை போடுங்கள்.

டெம்மி 1/8-இல் 160 பக்கம் என்றால் 80 தாள். 70 ஜிஎஸ்எம்மில் ஒரு தாள் 2.1 கிராம் சொச்சம், 80 தாளுக்கு 169 கிராம் வரும். 300 ஜிஎஸ்எம் அட்டை முதுகோடு சேர்த்து 19 கிராம். பசையும் படலமும் ஒன்றிரண்டு கிராம். மொத்தம் 190 கிராம் பக்கம் காட்ட வேண்டும். அதே புத்தகம் 60 ஜிஎஸ்எம் என்றால் 165-ஐ ஒட்டி நிற்கும். மில்லிலிருந்து வரும் தாளிலேயே லேசான ஏற்ற இறக்கம் உண்டு, மழைக்காலத்தில் தாள் ஈரம் குடிக்கும். அதனால் 5, 10 கிராமுக்குச் சண்டைக்குப் போகாதீர்கள். 25 கிராம் குறைந்தால் போகலாம். ஒரு புத்தகத்தை மட்டும் நிறுக்காமல் பத்தை மொத்தமாக வைத்து நிறுத்தால் மளிகைக்கடைத் தராசே போதும்.

கேள்வி: தாத்தாவின் பழைய புத்தகங்களில் 17-ஆம் பக்கம், 33-ஆம் பக்கத்தின் அடியில் ‘பா-2’, ‘பா-3’ என்று பொடியாக அச்சாகியிருக்கிறது. அச்சுப் பிழையா? — கல்லூரி மாணவர், கும்பகோணம்

பிழை இல்லை, பைண்டருக்கு எழுதின குறிப்பு. ‘பா’ புத்தகப் பெயரின் சுருக்கம், 2 இரண்டாவது ஃபாரம். 16 பக்கத்துக்கு ஒரு ஃபாரம் என்பதால் 17-இல் இரண்டாவது, 33-இல் மூன்றாவது தொடங்குகிறது. ஒரே பட்டறையில் நாலு புத்தகம் தரையில் குவிந்து கிடக்கும். எந்த மடிப்பு எந்தப் புத்தகம், எத்தனையாவது என்று அடுக்குகிறவருக்கு அந்த எழுத்துதான் வழி. இப்போது அதற்குப் பதில் மடிப்பின் முதுகில் ஒரு கறுப்புக் கோடு போடுகிறார்கள். ஃபாரத்துக்கு ஃபாரம் கோடு ஒரு படி இறங்கும். அடுக்கிப் பார்த்தால் மாடிப்படி மாதிரி வரும். ஒரு படி விட்டுப்போனால் தூரத்திலிருந்தே தெரியும்.

சும்மா இருக்கும்போது ஒன்று செய்து பாருங்கள். ஒரு தாளை மூன்று தடவை குறுக்காக மடித்து, ஓரம் கிழிக்காமல் எட்டிப் பார்த்து 1 முதல் 16 வரை எண் போடுங்கள். விரித்தால் ஒரு பக்கம் 1-க்கு அருகில் 16, 4-க்கு அருகில் 13, 5-க்கு அருகில் 12, 8-க்கு அருகில் 9. ஒவ்வொரு ஜோடியும் கூட்டினால் 17. சில எண்கள் தலைகீழாக நிற்கும். பக்கங்களை இப்படிப் போடுவதற்குத்தான் இம்போசிஷன் என்று பெயர். இன்று கம்ப்யூட்டர் செய்கிறது. ஈய எழுத்துக் காலத்தில் ஃபோர்மேன் தலைக்குள் செய்தார்.

கேள்வி: சமீபத்தில் வாங்கிய தடித்த புத்தகம் ஒன்று விரித்து வைத்தால் நிற்பதில்லை, பட்டென்று மூடிக்கொள்கிறது. இரண்டு தடவை படித்ததும் தாள் உதிர்கிறது. — நூலகர், திருநெல்வேலி

இரண்டும் வேறு வேறு நோய்.

மூடிக்கொள்வதற்குக் காரணம் கிரெய்ன். மில்லில் கூழ் ஓடுகிற திசையில்தான் தாளின் நார்கள் படுக்கும். ஒரு செய்தித்தாளை மேலிருந்து கீழே கிழியுங்கள், நேராகக் கிழியும். குறுக்கே கிழித்தால் கோணல்மாணலாகப் போகும். புத்தகத்தில் இந்த நார்கள் முதுகுக்கு இணையாக ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் தாள் விறைப்பாக நிற்கும், கையை எடுத்ததும் மூடும். கையில் இருந்த ஷீட்டைத் திருப்பிப் போட்டு மிச்சம் பிடித்திருப்பார்கள்.

உதிர்வதற்குக் காரணம் பெர்ஃபெக்ட் பைண்டிங். அடுக்கிய ஃபாரங்களின் மடிப்பையே சீவி எறிந்துவிட்டு, முதுகைச் சொரசொரப்பாக்கி, சூடான பசையில் அட்டையோடு ஒட்டுவது அது. நூலே கிடையாது. பெயரை வைத்தவரை நான் பார்த்தால் இரண்டு வார்த்தை கேட்பேன். மெல்லிய மேப்லித்தோவில் ஒழுங்காகச் செய்தால் பல வருஷம் நிற்கும், அதையும் சொல்லிவிடுகிறேன். பூச்சுள்ள ஆர்ட் பேப்பரில்தான் ஆபத்து. பசை நாரைப் பிடிக்காமல் பூச்சைப் பிடிக்கும், பூச்சு கழன்று வரும்.

நூலகத்துக்கு வாங்கும்போது செக்‌ஷன் தையலா, அதாவது ஃபாரம் ஃபாரமாக நூலில் தைத்ததா என்று பாருங்கள். ஃபாரத்தின் நடுவில், அதாவது 8-ஆம் பக்கத்துக்கும் 9-க்கும் நடுவே, 24-க்கும் 25-க்கும் நடுவே பிரித்தால் மடிப்புக்குள் நூல் ஓடுவது தெரியும். தெரியாவிட்டால் வெறும் பசை.

கேள்வி: கல்யாணப் பத்திரிகையில் மெரூன் பின்னணியில் வெள்ளை எழுத்து வைத்தோம். வந்து பார்த்தால் பாதிப் புள்ளிகளைக் காணோம். — பெண்ணின் அப்பா, சேலம்

‘திருநிறைச்செல்வி’ ‘திருநிறைசசெலவி’ ஆகியிருக்குமே! செலவு என்னவோ உண்மைதான்.

மெரூன் நிறம் நாலு மை சேர்ந்து வருவது. வெள்ளை எழுத்து என்றால் அங்கே மையே இல்லை. நாலு பிளேட்டிலும் அதே இடத்தில் ஓட்டை இருக்க வேண்டும். ரிஜிஸ்டர், அதாவது நாலு மையும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக விழும் பொருத்தம், ஒரு மயிரிழை விலகினாலும் ஒரு மை அந்த ஓட்டைக்குள் வழியும். ஆங்கில எழுத்து தாங்கும், 8 பாயிண்ட்டில் நம் மெய்யெழுத்துப் புள்ளி தாங்காது. தடித்த எழுத்தாக, 12 பாயிண்ட்டுக்குக் குறையாமல் வையுங்கள். இல்லையென்றால் மெரூனை ஒரே மையாகக் கலந்து ஸ்பாட் கலரில் அடிக்கச் சொல்லுங்கள். அதேபோல, வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்து என்றால் கறுப்பு மையில் மட்டும் வரட்டும்.

கேள்வி: 50 பிரதி மட்டும் போதும். ஆஃப்செட்டா, டிஜிட்டலா? — வாசகர், புதுச்சேரி

டிஜிட்டல்தான். ஆஃப்செட் பிளேட் போட்டு அடிப்பது, 50-க்கும் 1,000-க்கும் பிளேட் செலவு ஒன்றே. டிஜிட்டலில் கம்ப்யூட்டரிலிருந்து நேராக அச்சாகும், பிளேட் கிடையாது. 300-ஐத் தாண்டும்போது இரண்டுக்கும் கொட்டேஷன் வாங்கிப் பாருங்கள். லேமினேஷனும் கட்டிங்கும் அதில் சேர்ந்திருக்கிறதா என்று கேட்டு எழுதி வாங்குங்கள், சிலர் கடைசியில் தனியாகப் போடுவார்கள்.