பக் கன்வெர்ட்டரில் எல்இடி: மின்னோட்டத்தை நிலையாக வைத்து ஒளியைக் குறைப்பது எப்படி?

கேள்வி: 24 வோல்ட் அடாப்டரில் எல்எம்2596 பக் மாட்யூலை (மின்னழுத்தத்தைக் குறைத்து நிலையாகத் தரும் சிறு பலகை) மாட்டி, 9.6 வோல்ட்டுக்குத் திருகி வைத்து, மூன்று 1 வாட் வெள்ளை எல்இடிகளைத் தொடராக இணைத்தேன். சிறிது நேரத்தில் மின்னோட்டம் ஏறிக்கொண்டே போய் ஒன்று கருகிவிட்டது. மைக்ரோகன்ட்ரோலரால் ஒளியைக் கூட்டிக் குறைக்கவும் வேண்டும். என்ன செய்யலாம்?

பதில்: மாட்யூல் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. எல்இடி சூடேறும்போது அதற்குத் தேவையான மின்னழுத்தம் டிகிரிக்குச் சில மில்லிவோல்ட் இறங்கும். மாட்யூலோ 9.6-ஐ விடாமல் பிடித்திருக்கும். அதனால் மின்னோட்டம் ஏறும், சூடும் கூடும், மின்னழுத்தத் தேவை மேலும் இறங்கும். வெப்பத்தகடு இந்தச் சுழற்சியைத் தாமதப்படுத்தும், நிறுத்தாது.

எனவே மின்னழுத்தத்தை அல்ல, மின்னோட்டத்தை நிலையாக வைக்க வேண்டும். இதற்கென்றே உள்ள பிடி4115 சில்லைப் பயன்படுத்துங்கள். 6 முதல் 30 வோல்ட் வரை ஏற்கும். மின்னோட்டத்தை ஒரே ரெசிஸ்டர் தீர்மானிக்கிறது: 0.1-ஐ ஓம் மதிப்பால் வகுத்தால் ஆம்பியர். 0.33 ஓம் போட்டால் சுமார் 300 மில்லிஆம்பியர். 350 மில்லிஆம்பியர் தாங்கும் எல்இடிக்கு இந்த அளவே நல்லது. கூடவே 68 மைக்ரோஹென்றி இண்டக்டர், எஸ்எஸ்34 ஷாட்கி டயோடு, உள்ளீட்டில் சில்லை ஒட்டி 100 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர்.

இங்கே பலர் தவறுவது எல்இடியின் எதிர்முனையில். ரெசிஸ்டர் நேர்மின் பக்கம் இருப்பதால், எதிர்முனை இண்டக்டருக்குத்தான் போகவேண்டும். பழக்கதோஷத்தில் கிரவுண்டில் கட்டினால் 24 வோல்ட்டும் எல்இடி மேல் இறங்கி, நொடியில் கருகும்.

ஒளியைக் குறைக்க, சில்லின் டிம் முனைக்கு 500 ஹெர்ட்ஸ் முதல் 1 கிலோஹெர்ட்ஸ் வரை பிடபிள்யூஎம் (வேகமாக இயக்கி நிறுத்தும் துடிப்புகள்) கொடுங்கள். அந்த முனையை எதிலும் இணைக்காமல் விட்டால் எல்இடி முழு ஒளியில் எரியும். மைக்ரோகன்ட்ரோலர் விழித்தெழும் கணத்திலும் அப்படித்தான். டிம்முக்கும் கிரவுண்டுக்கும் இடையே 4.7 கிலோஓம் வைத்தால் அந்தப் பளிச்சிடல் நின்றுவிடும். எல்இடிக்குக் குறுக்கே பெரிய கெப்பாசிட்டர் வேண்டாம். துடிப்புகளை அது மழுக்கிவிடும், குறைந்த ஒளியில் கட்டுப்பாடு குழையும்.

மின்னோட்டத் திருகு உள்ள சிசி-சிவி மாட்யூல் (மின்னோட்டம், மின்னழுத்தம் இரண்டுக்கும் வரம்பு வைக்கக்கூடியது) கையில் இருந்தால் அதுவும் எல்இடியை ஒளிரவைக்கும். ஆனால் அதன் வெளியீட்டில் மாஸ்ஃபெட் (மின்னணு சுவிட்ச்) வைத்து எல்இடியை வெட்டி வெட்டி இணைக்காதீர்கள். வெட்டியிருக்கும் நேரத்தில் வெளியீட்டுக் கெப்பாசிட்டர் மின்னழுத்த வரம்பு வரை நிரம்பி, இணைத்ததும் மொத்தமாகப் பாயும். மின்சாரம் ஓடும்போது எல்இடியைக் கழற்றி மாட்டினாலும் இதே சேதம்.

கண்ணுக்கு 50 சதவீதத் துடிப்பு பாதி ஒளியாகத் தெரியாது, ஏறக்குறைய முக்கால் வெளிச்சம்போல இருக்கும். ஒளியைக் கூட்டிக் குறைக்கும் குமிழின் அளவை 0 முதல் 1 வரை எடுத்து, அதன் வர்க்கத்தைத் துடிப்பு விகிதமாக அனுப்புங்கள்.