கருப்பாகத் தெரிவதெல்லாம் வெற்றிடமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

இரவு வானத்தைப் பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரையைப் படித்துவிட்டுப் பலர் எழுதியிருந்தீர்கள். கடிதங்களில் பெரும்பாலானவை நெபுலாக்கள் எனப்படும் வாயு, தூசி மேகங்களையும் விண்மீன்களுக்கு இடையே பரவிக் கிடக்கும் தூசியையும் பற்றியே இருந்தன. ஒன்றுபோல் இருந்த கேள்விகளைச் சேர்த்து, அவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி: புதிதாக வாங்கிய தொலைநோக்கியில் ஓரியன் நெபுலாவைப் பார்த்தேன். படங்களில் சிவப்பும் ஊதாவுமாகப் பொலியும் அந்த நெபுலா, என் கண்ணுக்கு வெறும் சாம்பல் நிறத் திட்டாகத்தான் தெரிகிறது. கோளாறு கருவியிலா, கண்ணிலா?

பதில்: இரண்டிலும் இல்லை. நிறத்தை அறியும் கூம்பு செல்கள் வேலை செய்வதற்கு ஓரளவு வெளிச்சம் வேண்டும். மிக மங்கலான ஒளியில் அவை ஓய்ந்துவிட, நிறபேதம் அறியாத குச்சி செல்களைக் கொண்டே நாம் பார்க்கிறோம். அந்தக் குச்சி செல்களும் ஏறத்தாழ 500 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீலப்பச்சை ஒளியைத்தான் நன்றாக உணர்கின்றன. படங்களைச் சிவக்க வைக்கும் ஹைட்ரஜன் ஒளியோ 656 நானோமீட்டரில் இருக்கிறது. ஆகவே, படத்தில் மேலோங்கி நிற்கும் அதே நிறம்தான் இருட்டுக்குப் பழகிய கண்ணுக்கு அநேகமாகத் தெரியாமல் போகிறது. கேமரா பல நிமிடங்கள், சில சமயம் பல மணி நேரம் கூட, ஒளியைச் சேர்த்துக்கொண்டே போகும். கண்ணுக்கு அந்த வசதி கிடையாது.

இன்னும் பெரிய தொலைநோக்கி வாங்கினால் படத்தில் கண்டது கிடைத்துவிடும் என்று நினைத்துவிட வேண்டாம். விண்மீன் போன்ற புள்ளி ஒளியைத் தொலைநோக்கி பிரகாசமாக்கும். நெபுலா போல விரிந்து கிடக்கும் பொருளைப் பெரிதாக்கிக் காட்டுமே தவிர, அதன் பரப்பொளிர்வை, அதாவது ஒரே அளவுப் பரப்பிலிருந்து வரும் ஒளியை, வெறும் கண்ணுக்குத் தெரிவதைவிட எந்தக் கருவியாலும் கூட்ட முடியாது. பெரிய வில்லையோ ஆடியோ கூடுதலாகச் சேர்க்கும் ஒளி, உருப்பெருக்கத்தில் கூடுதலான பரப்பின் மேல் பரவிவிடுகிறது. ஆனாலும் பெரிய கருவியால் பயன் உண்டு; பெரிதாகத் தெரியும் மங்கலை, சிறிதாகத் தெரியும் மங்கலைவிட நம் கண் எளிதில் பிரித்தறிந்துவிடும்.

அடுத்த முறை பார்க்கும்போது, கைபேசியை எடுக்காமல் இருபது முப்பது நிமிடம் இருட்டில் இருந்து கண்ணைப் பழக்குங்கள். வேட்டைக்காரன் உருவமாகக் காணும் ஓரியன் விண்மீன் குழுவின் இடைவாருக்குக் கீழே தொங்கும் வாளின் நடுவில்தான் நெபுலா இருக்கிறது. முதலில் அதன் மையத்தில் நெருங்கி நிற்கும் நான்கு விண்மீன்களைத் தேடுங்கள். டிரபீசியம் எனப்படும் அந்தக் கூட்டத்தின் மிகப் பிரகாசமான விண்மீன்தான் இந்த நெபுலா முழுவதையும் பெரும்பாலும் ஒளிரச் செய்கிறது. அந்த நால்வரை நோக்கி ஒளிக்குள் ஒரு கரிய ஆப்பு நுழைந்திருக்கும். அதற்கு மீன்வாய் என்று பெயர். அது முன்னால் நிற்கும் தூசி. இப்போது நெபுலாவை நேராகப் பார்க்காமல் பார்வையைச் சற்றே ஒதுக்கி, ஓரக்கண்ணால் பாருங்கள். விழித்திரையின் ஓரத்தில் குச்சி செல்கள் அதிகம். தொலைநோக்கியின் குழாயை விரலால் இலேசாகத் தட்டினால், அசைவை உடனே உணரும் அதே செல்கள் அதுவரை தெரியாதிருந்த மெல்லிய சிறகுகளையும் பிடித்துக்கொள்ளும். சுமார் 1,340 ஒளியாண்டுத் தொலைவிலிருந்து வரும் ஒளி அது. படம் எடுப்பவருக்கு இந்தப் படிப்படியான புலப்பாடு வாய்ப்பதில்லை என்பது என் எண்ணம்.

கேள்வி: பால்வழியின் நடுவே கரிய பிளவுகளும் திட்டுகளும் தெரிகின்றன. அந்த இடங்களில் விண்மீன்களே இல்லையா?

பதில்: இந்த வார அஞ்சலில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. விருச்சிகப் பகுதியில் விண்மீனே தென்படாத ஓரிடத்தைக் கண்ட வானியலாளர் வில்லியம் ஹெர்ஷல், அதை வானத்தில் விழுந்த ஓட்டை என்றே கருதினார். அவர் வியந்து சொன்னதைத் தங்கை கரோலின் முதுமையிலும் நினைவுகூர்ந்து எழுதினார். ஒரு நூற்றாண்டுக்கு மேல் பலரும் அப்படித்தான் எண்ணினார்கள். பால்வழியைப் புகைப்படத் தகடுகளில் பொறுமையாகப் பதிவு செய்த எட்வர்ட் எமர்சன் பர்னார்டுக்கே, இவை ஒளியை மறைக்கும் பொருள்கள்தாம் என்ற முடிவுக்கு வர நெடுங்காலம் பிடித்தது. 1919-இல் இத்தகைய 182 கரும்பகுதிகளின் பட்டியலை அவர் வெளியிட்டார். விண்மீன்களுக்கு இடையே ஒளியை உறிஞ்சும் பொருள் எங்கும் பரவியிருக்கிறது என்பதை 1930-இல் ராபர்ட் டிரம்ப்ளர் ஐயமற நிறுவினார்: தொலைவிலுள்ள விண்மீன் கொத்துகள், அவற்றின் தோற்ற அளவைக் கொண்டு கணிக்கும் தொலைவுக்கு இருக்க வேண்டியதைவிட மங்கலாக இருந்ததே அவர் காட்டிய சான்று.

அந்தப் பொருள்தான் தூசி. மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு என்ற அளவிலான சிலிகேட், கார்பன் துகள்கள். குளிர்ந்த இடங்களில் அவற்றின் மேல் பனி படிந்திருக்கும். விண்மீனிடைப் பொருளின் நிறையில் இது ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்குதான், மீதி வாயு. ஆனால் மறைக்கும் வேலையை அநேகமாக இந்த ஒரு பங்கே செய்துவிடுகிறது. நீல ஒளியை அதிகமாகவும் சிவப்பொளியைக் குறைவாகவும் தடுப்பதால், தூசிக்குப் பின்னால் இருக்கும் விண்மீன்கள் சிவந்து தெரிகின்றன. அகச்சிவப்புக் கதிர்களோ பெரும்பாலும் ஊடுருவி வந்துவிடுகின்றன. பர்னார்டின் பட்டியலில் உள்ள பர்னார்டு 68 என்ற சிறு கரிய மேகத்தைச் சாதாரண ஒளியில் படமெடுத்தால் ஒரு விண்மீன்கூடத் தெரியாது. அகச்சிவப்பில் எடுத்தாலோ அதன் பின்னாலுள்ள விண்மீன்கள் அத்தனையும் தெரிகின்றன. அந்த மேகத்தின் உள்ளே வெப்பநிலை மைனஸ் 260 டிகிரி செல்சியஸுக்கும் கீழே. புற ஊதாக் கதிர்கள் எட்டாத அந்தக் குளிரில்தான், தூசித் துகள்களின் பரப்பில் ஹைட்ரஜன் அணுக்கள் இணைந்து மூலக்கூறுகளாகின்றன. அத்தகைய மேகம் தன் ஈர்ப்பால் சுருங்கும்போது விண்மீன் பிறக்கிறது.

ஆண்டீஸ் மலைவாழ் மக்கள் இந்தக் கரும்பகுதிகளில் லாமா என்ற விலங்கைக் கண்டார்கள். ஆஸ்திரேலியாவின் பழங்குடியினர், தென்சிலுவைக்குப் பக்கத்திலுள்ள கரித்திட்டைத் தலையாகக் கொண்டு, பால்வழி நெடுக நீளும் ஈமு பறவையைக் கண்டார்கள். விண்மீன்களைக் கோட்டால் இணைத்து உருவம் அமைப்பதைவிட இது கூர்மையான பார்வை என்றே நான் நினைக்கிறேன்.

பார்ப்பதற்குச் சில இடங்கள் சொல்கிறேன். திருவோண விண்மீனுக்கு அருகிலுள்ள டாரசெட் என்ற விண்மீனுக்குச் சற்று மேற்கே, பைனாகுலரில், ஆங்கில ஈ எழுத்தின் வடிவில் ஒரு கரிய திட்டு தெரியும். பர்னார்டு 142, 143 என்ற இரு மேகங்கள் சேர்ந்தது அது. தனுசு ராசிப் பகுதியில், ஒரு சிறு விண்மீன் கொத்தை ஒட்டியே மை சிந்தியதுபோல் கிடக்கும் பர்னார்டு 86-ஐத் தொலைநோக்கியில் பாருங்கள். பின்னணியில் விண்மீன்கள் அவ்வளவு நெருக்கமாக இருப்பதால், அந்தக் கருமைக்கு விளிம்பே தெரிகிறது. பெயர் பெற்ற பல ஒளிர் நெபுலாக்களைவிட எனக்கு இந்த மைத்துளி உயர்ந்தது.

கேள்வி: குதிரைத்தலை நெபுலாவைச் சிறிய தொலைநோக்கியில் காண முடியுமா?

பதில்: அநேகமாக முடியாது. 1888-இல் ஹார்வர்டில் எடுத்த புகைப்படத் தகட்டில் வில்லியமினா ஃபிளெமிங் கண்டறிந்த கரிய மேகம் அது. பின்னால் நிற்கும் மங்கலான ஹைட்ரஜன் ஒளியில்தான் அதன் வடிவம் தெரிகிறது. கண்ணால் பார்க்க மிக இருண்ட வானமும் பெரிய கருவியும் ஹைட்ரஜனின் ஒரு குறிப்பிட்ட ஒளியை மட்டும் உள்ளே விடும் ஹைட்ரஜன் பீட்டா ஃபில்டரும் வேண்டும். கேமராவுக்கு அது எளிய இலக்கு.

கேள்வி: கார்த்திகை விண்மீன்களைச் சூழ்ந்திருக்கும் நீல மூட்டமும் ஓரியன் நெபுலாவும் ஒரே விதமாகத்தான் ஒளிர்கின்றனவா?

பதில்: இல்லை. ஓரியனில், சூடான விண்மீன்களின் புற ஊதாக் கதிர்கள் வாயுவிலிருந்து எலக்ட்ரான்களைப் பிரித்தெடுக்க, அந்த வாயு தானே சில குறிப்பிட்ட நிறங்களில் ஒளிர்கிறது. இப்படி ஒளிரும் வாயுவை முதலில் இனங்கண்டவர் வில்லியம் ஹக்கின்ஸ். 1864-இல் டிராகோ விண்மீன் குழுவிலுள்ள ஒரு நெபுலாவின் ஒளியை, ஒளியை நிறங்களாகப் பிரித்துக் காட்டும் நிறமாலைமானியில் பார்த்தபோது, தொடர்ச்சியான நிறப்பட்டைக்குப் பதிலாகத் தனித்த சில கோடுகளை மட்டுமே கண்டார். அவற்றில் பச்சை நிறக் கோடுகள் தெரிந்த எந்தத் தனிமத்துக்கும் பொருந்தாததால், நெபுலியம் என்று புதிய தனிமமே கற்பனை செய்யப்பட்டது. இரண்டு எலக்ட்ரான்களை இழந்த சாதாரண ஆக்ஸிஜன்தான் அது என்று 1927-இல் ஐரா போவென் விளக்கினார். பூமியில் அணுக்கள் ஓயாமல் மோதிக்கொள்வதால் அந்த ஒளி வெளிப்பட வாய்ப்பே கிடைப்பதில்லை. நெபுலாவின் வெறுமையில்தான் அதற்கு அவகாசம் கிடைக்கிறது.

கார்த்திகையின் நீலம் தூசியின் கைவேலை. அந்த மூட்டத்தின் நிறமாலை அருகிலுள்ள விண்மீன்களின் நிறமாலையை அப்படியே ஒத்திருப்பதை 1912-இல் வெஸ்டோ ஸ்லைஃபர் கண்டார். அதாவது தூசி அவற்றின் ஒளியைச் சிதறடித்து நமக்கு அனுப்புகிறது. அந்தத் தூசி அவை பிறந்த மேகத்தின் எச்சமும் அன்று. தம் வழியில் குறுக்கிட்ட வேறொரு மேகத்தை அவை கடந்துகொண்டிருக்கின்றன.

கேள்வி: விண்கலத்தில் ஏறி ஒரு நெபுலாவுக்குள்ளேயே போய்விட்டால் அந்த நிறங்கள் தெரியுமா?

பதில்: ஏமாற்றமே மிஞ்சும். முதல் கேள்விக்குச் சொன்ன அதே காரணம்தான். கிட்டே போகப் போக நெபுலா பெரிதாகுமே தவிர அதன் பரப்பொளிர்வு கூடாது. உள்ளே நுழைந்தால் வானம் முழுதும் பரவிய ஒரு மங்கலான மூட்டமாக இருக்கும். ஓரியன் நெபுலாவின் அடர்ந்த பகுதியில்கூட ஒரு கனசென்டிமீட்டரில் சில ஆயிரம் அணுக்களே உள்ளன. நாம் சுவாசிக்கும் காற்றில் அதே இடத்தில் உள்ள மூலக்கூறுகளின் எண்ணிக்கை, 25-க்குப் பின் 18 சுழியங்கள் இட்டால் வரும் எண்.

கேள்வி: அப்படியானால் விண்வெளித் தொலைநோக்கிகளின் படங்கள் பொய்யா?

பதில்: பொய் என்று சொல்ல மாட்டேன். உயரத்தை நிறங்களால் காட்டும் நிலப்படத்தை நாம் பொய் என்பதில்லையே. 1995-இல் ஹபிள் எடுத்த, படைப்பின் தூண்கள் என்று புகழ்பெற்ற படத்தில் கந்தகத்தின் ஒளிக்குச் சிவப்பும், ஹைட்ரஜனுக்குப் பச்சையும், ஆக்ஸிஜனுக்கு நீலமும் தரப்பட்டன. கந்தகமும் ஹைட்ரஜனும் உண்மையில் சிவப்பாகவே ஒளிர்வதால், அவற்றைப் பிரித்துக் காட்ட வேறு வழி இல்லை. அதே தூண்களை 2022-இல் ஜேம்ஸ் வெப் அகச்சிவப்பில் எடுத்தது. கண்ணுக்கே தெரியாத கதிர்களுக்கு ஏதாவது நிறம் தந்துதானே ஆக வேண்டும்? எந்த நிறம் எதைக் குறிக்கிறது என்ற விளக்கம் இல்லாமல் படத்தை மட்டும் பரப்புவதில்தான் எனக்கு உடன்பாடில்லை.

கேள்வி: சில ஆண்டுகளுக்கு முன் திருவாதிரை விண்மீன் மங்கியதே, அதற்கும் தூசிக்கும் தொடர்பு உண்டா?

பதில்: உண்டு. 2019-இன் இறுதியில் மங்கத் தொடங்கிய திருவாதிரை, 2020 பிப்ரவரியில் தன் வழக்கமான ஒளியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கியது. விரைவில் வெடிக்கப்போகிறது என்ற பரபரப்பும் கிளம்பியது. அந்த விண்மீன் வாயுவை உமிழ்ந்ததும், அதன் பரப்பில் ஒரு பகுதி குளிர்ந்ததும், அருகிலேயே அந்த வாயு உறைந்து தூசியாகி நம் பார்வையை மறைத்ததுமே காரணம் என்று 2021-இல் ஆய்வாளர்கள் விளக்கினார்கள். மங்கலின் போக்கை நாள்தோறும் கண்ணால் மதிப்பிட்டுப் பதிவு செய்தவர்களில் பொழுதுபோக்கு நோக்கர்கள் ஏராளம். பக்கத்திலுள்ள விண்மீன்களோடு ஒப்பிட்டு ஒளியை மதிப்பிடும் இந்தப் பயிற்சிக்குக் கருவி எதுவும் வேண்டாம்.

கேள்வி: தொடக்கநிலை நோக்கர் முதலில் எதை வாங்க வேண்டும்?

பதில்: பைனாகுலரை. 7 பெருக்கல் 50, 10 பெருக்கல் 50 ஆகிய இரண்டில் எதுவானாலும் சரி. முதல் எண் உருப்பெருக்கம், அடுத்தது மில்லிமீட்டரில் வில்லையின் விட்டம். தூசி மேகங்களும் தனுசுப் பகுதியின் லகூன் நெபுலாவும் அகன்ற பார்வைப் புலத்தில்தான் பின்னணியிலிருந்து பிரிந்து தெரியும்.

கேள்வி: நான் நகரத்தில் வசிக்கிறேன். ஒளி மாசைத் தடுக்கும் ஃபில்டர் உதவுமா?

பதில்: எதைப் பார்க்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஆக்ஸிஜனின் 496, 501 நானோமீட்டர் ஒளியை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றைத் தடுக்கும் ஃபில்டர், லகூன் போன்ற ஒளிர் வாயு நெபுலாக்களுக்கு நன்றாக உதவும். முன்பு சோடியம் விளக்குகளின் மஞ்சளை மட்டும் விலக்கினால் போதுமாக இருந்தது. எல்லா நிறங்களிலும் ஒளிரும் வெள்ளை எல்.இ.டி. விளக்குகள் வந்த பிறகு பொதுவான ஒளி மாசு ஃபில்டர்களின் பயன் குறைந்துவிட்டது. கார்த்திகையின் நீல மூட்டத்துக்கு எந்த ஃபில்டரும் பயன்படாது, ஏனெனில் அது விண்மீன்களின் முழு நிறமாலையையும் சிதறடிக்கும் தூசி. கரும் மேகங்களுக்கோ சிறிதும் பயன் இல்லை. அவற்றைக் காண, பின்னணி விண்மீன்கள் தெரியும் அளவுக்கு இருண்ட இடத்துக்கு, நிலவில்லாத இரவில், சூரியன் அடிவானத்துக்கு 18 டிகிரி கீழே இறங்கிய பிறகு போய்த்தான் ஆக வேண்டும்.